ஈயமீன்களுக்கு ஒரு பலகை

கன்னியப்பன் மாமா அதைத் தூக்கி மணலில் போட்டபோது முள்ளம்பன்றிக் குட்டி ஒன்று விழுந்த மாதிரி இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஈயமீன்கள். எங்கள் வீட்டு ஈயமீன்கள் அத்தனையும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு, தூண்டில் நரம்பும் கோழியிறகும் துருவுமாக ஒரே உருண்டையாகிக் கிடந்தன.

"இத்தப் பிரிச்சி எட்தாந்துட்டு அப்பறமா கட்டுமரத்துல ஏறச் சொல்லு," என்றார் மாமா.

யாரிடம் சொன்னார் என்று கேட்பீர்கள். நாயிடம் சொன்னார். அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் குப்பத்தில் இல்லை. அன்றைக்குத் தம்பி மேலும் கோபம், அவரிடமும் பேச்சில்லை. மிச்சம் இருந்தது கரையில் படுத்திருந்த செவலை நாய்தான்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை பக்கத்திலேயே நின்றார். வலது கையை இடது அக்குளுக்குள் செருகிக்கொண்டு, ஏதோ குளிர்கிற மாதிரி. நல்ல வெயில்.

"வஞ்சிரம் மேல வந்து துள்ளுது. இவன் பொட்டிக்குள்ள கைய வுட்டுக்கினு தேட்றான். தேட்றான், தேட்றான், தேடிக்கினே கீறான். மீனு இன்னா, நம்ப ஊட்டு மாப்புள்ளயா, குந்திக்கினு இருக்க? பொங்கல் வரிக்கும் பாப்பேன். அப்பறம் இவன் எடத்துக்கு என் மச்சான் வருவான்," என்று நாயிடம் சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுவேன் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

பொய் மீன், நிஜ முள்

ஈயமீன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இப்போது கடையில் ஜிக் என்று கேட்டால் பளபளவென்று பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். எழுபதுகளில் எங்களுக்கு ஏது அதெல்லாம்? காட்டுப்பள்ளிக்கு வடக்கே, இந்தப் பக்கம் கடல் அந்தப் பக்கம் பழவேற்காடு ஏரி என்று நடுவில் ஒரு மணல் வரப்பு. அதன் மேல்தான் எங்கள் குப்பம்.

கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டை எடுத்து, அதில் நெத்திலி வடிவத்தில் பள்ளம் தோண்டி, ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆறினால் ஒரு பொய் மீன். வாலில் நிஜத் தூண்டில் முள். முள்ளை மறைக்க வெள்ளைக் கோழியிறகு. ஆழத்தில் இறக்கிச் சுண்டிச் சுண்டி இழுத்தால், அடிபட்ட நெத்திலி துடிக்கிறது என்று நினைத்து வஞ்சிரமும் பாறை மீனும் வந்து விழுங்கும்.

நீரோட்டம் மந்தமாக இருந்தால் இலேசான ஈயமீன், இழுப்பு அதிகம் என்றால் கனமானது. விடிகிற நேரத்துக்கு இறகு வைத்தது, வெயில் ஏறிவிட்டால் வெறுமனே மின்னுகிறது. மரத்தில், அதாவது கட்டுமரத்தில், உட்கார்ந்தபடி ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டியிருக்கும். நரம்பு முனையில் ஒரு சுருக்கு, ஈயமீன் தலையில் ஒரு கண்ணி. மாட்டுவது பெரிய வேலையில்லை. எடுப்பதுதான் வேலை.

எல்லார் வீட்டிலும் அதை ஓலைப்பெட்டியில் கொட்டித்தான் வைப்பார்கள். ஒன்று கேட்டால் ஒன்பது சேர்ந்து வரும். ஈரம் காயாமல் கிடந்தால் முள் துருப்பிடிக்கும். ஒரு முள்ளில் துரு வந்தால் பக்கத்து முள்ளுக்கும் அம்மை மாதிரி பரவும். இரண்டு கையும் இருக்கிறவன் திட்டிக்கொண்டே பிரித்துவிடுவான்.

அந்தக் கட்டைவிரல்

என் வீட்டுக்காரருக்கு அந்த இரண்டாவது கைதான் இல்லை. கை இருந்தது. கட்டைவிரல் மடங்காது.

முந்தின ஐப்பசியில் ஒரு பெரிய பாறை மீன் தலையை உதறியபோது, அதன் வாயிலிருந்த முள் இவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏறிவிட்டது. அது துருப்பிடித்த முள். கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் கீறி, புண் ஆறுவதற்குள் தை பிறந்துவிட்டது. ஆறியதும் பார்த்தால் கட்டைவிரல் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சோறு பிசைய வராது. பீடி பிடிக்க வராது.

நரம்பு இழுக்க முடிந்தது. முழங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அதன் மேல் நரம்பை இரண்டு சுற்று சுற்றி இழுத்துவிடுவார். பல்லால் கடித்துச் சுருக்கு மாட்டுவார். இழுக்கிற வேலைக்கு அந்தக் கை போதும். பிரிக்கிற வேலைக்குத்தான் போதாது. அதனால்தான் அடுத்த வருஷம் மீன் காலத்தில் மாமா நாயிடம் பேச வேண்டி வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். மாமா சொன்னதைக் கேட்டு நான் பயந்தது நிஜம். அந்தப் பயத்துக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமும் இருந்தது. இவர் கடலுக்குப் போகாவிட்டால் நான் தூங்கலாம்.

நாலாம் வகுப்பு

என் பயத்துக்கு வயது அதிகம். நான் நாலாம் வகுப்போடு நின்றதற்குப் படிப்பு ஏறாதது காரணம் இல்லை. எங்கப்பா கடலுக்குப் போயிருப்பார். வாத்தியார் கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதுவார். எனக்கு, இந்நேரம் அப்பா மரம் கவிழ்ந்திருக்கும் என்று தோன்றும். தோன்றிவிட்டால் போச்சு. ஒண்ணுக்கு என்று கேட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவேன். அவர் மரத்தின் பாய் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வருவேன். அடுத்த வாய்ப்பாட்டில் மறுபடி ஓட்டம்.

"கஸ்தூரி, ஒண்ணு கரையிலேயே இரு. இல்லன்னா இங்கயே இரு. ரெண்டுக்கும் நடுவுல ஓடிக்கினே இருந்தா என் தல சுத்துது," என்றார் வாத்தியார். நான் கரையிலேயே இருந்துவிட்டேன்.

அப்பா ஒன்றும் ஆகாமல், கட்டிலில் படுத்துத்தான் செத்தார். அதைச் சொன்னாலும் என் பயம் கேட்டுக்கொள்வதில்லை.

நல்ல தண்ணி சண்டை

அந்த முள் உருண்டையைப் பிரிக்க எனக்கு ஒரு பொழுது ஆனது. விரலெல்லாம் பொத்தல். பிரித்ததைத் திரும்ப ஓலைப்பெட்டியில் போட மனம் வரவில்லை.

முதலில் ஒவ்வொன்றையும் பழைய புடவைக் கிழிசலில் சுற்றி வைத்தேன். துணி உப்பு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, முள் இரண்டு மடங்கு வேகமாகத் துருப்பிடித்தது. சீமெண்ணெயில் முக்கினேன். இவர் மோந்து பார்த்துவிட்டு, "மீனு வெளக்கேத்தவா வருது?" என்றார். பால் பவுடர் டின்னில் சாம்பலைக் கொட்டி அதற்குள் புதைத்து வைத்தேன். மழை ஈரத்தில் சாம்பல் நமுத்து டின் முழுக்கக் களிம்பாகிவிட்டது. பித்தளைக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குப் பளபளத்தது. இரண்டே நாளில் ஈயம் மேல் வெள்ளையாக மாவு பூத்தது.

கடைசியில் பிடிபட்டது இவ்வளவுதான். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நிழலில், காற்றில் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். முள் வளைவில் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவ வேண்டும். ஒன்றோடு ஒன்று படக் கூடாது.

நல்ல தண்ணீர் என்பது எங்கள் குப்பத்தில் மணலைத் தோண்டி, ஊறும் வரை உட்கார்ந்து, கொட்டாங்குச்சியில் மொண்டு எடுக்கிற சமாச்சாரம். அதைத் தூண்டிலுக்கு ஊற்றுகிறேன் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி ஊற்றங்கரையில் சண்டைக்கு வந்தாள்.

"ஏண்டி, மனுஷன் குடிக்கத் தண்ணி இல்ல. நீ தூண்டிலக் குளுப்பாட்றியா? தலைக்கு ஊத்துனியா, ஒடம்புக்கு மட்டுமா?"

"சாம்பிராணி பொக போட்டுட்டுத்தான் வந்தேன், போக்கா," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுவதும் அவள் என்ன நினைத்திருப்பாளோ என்று தவித்தேன்.

கழுவியாச்சு, காய வைத்தாச்சு. எடுத்துப் போகும்போது? மறுபடி பெட்டிதான். மரம் ஒரு அலையில் ஏறி இறங்கினால் எல்லாம் மறுபடி உருண்டைதான்.

நீல வார் செருப்பு

அப்போதுதான் என் தம்பி மணி வந்தான். கும்மிடிப்பூண்டியில் அப்போது புதிதாகத் தொழிற்பேட்டை வந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு லேத் பட்டறையில் அவன் வேலை பார்த்தான். அவன் மாமா என்பது என் வீட்டுக்காரரை.

"மாமாவ வாட்ச்மேனா போட்லாங்க்கா. மேஸ்திரியாண்ட சொல்லிக்கீறேன். கேட்டத் தொறந்து மூட கட்டவெரல் வாணாம். ஆனா செருப்பு போட்டுக்கினு வரணும். தரையெல்லாம் இரும்புச் சுருளு, வெறுங்கால்ல வந்தா கிழிச்சிடும்."

ஏரியைப் படகில் கடந்து, பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் இறங்கி நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கினோம். இவர் பிறந்ததிலிருந்து காலில் எதுவும் போட்டதில்லை. புதுவாயலில் பஸ் மாறும்போது ரோட்டைக் கடக்க அவர் பட்ட பாடு! கல்கத்தா ரோட்டில் லாரி வருகிறது, இவர் ஏரிச் சேற்றில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்கிறார்.

"அத்தக் கையில எடுத்துக்கினு ஓடி வாயா!" என்று கத்தினேன்.

மேஸ்திரி நல்ல மனிதர். கையைத் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமைக்கு மேல் சொல்லி அனுப்புகிறேன் என்றார். இவர் செருப்போடு கேட்டருகில் நின்றார். ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றார். இரண்டு விரல் நடுவில் வார் அறுத்து ரத்தம் கசிந்தது. அவர் முகத்தை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பார்க்காமல் இருக்க எங்காவது கண்ணை வைக்க வேண்டுமே. பட்டறைக்குள் வைத்தேன். அங்கே சுவரில் பெரிய பலகை. அதில் ஸ்பேனர், அரம், சுத்தியல் எல்லாவற்றையும் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவத்தைச் சிவப்புப் பெயின்டில் வரைந்திருந்தார்கள். லேத்தில் நின்றிருந்தவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டினார். கேட்ட ஸ்பேனர் கையோடு வந்தது.

நான் அந்தக் கையையே பார்த்தேன். பார்க்காமல், ஒரு கையில், ஒரே ஒரு சாமான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வேலை கிடைத்த மாதிரிதான். வீட்டுக்காரர் இனிமேல் கரையில். கும்மிடிப்பூண்டியிலிருந்து புதுவாயல் வரைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புண்ணில் எச்சில் தடவிக்கொண்டு குனிந்திருந்தார். அந்தப் பிடரியைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"யோவ், உள்ள ஒரு பலக இருந்துச்சி, பாத்தியா?"

பழவேற்காடு வரை அவர் புண்ணைத் தடவிக்கொண்டே வந்தார். படகு கரை தட்டும்போது, "பழைய மரம் செதுக்குன துண்டு ஊட்டாண்ட கீது," என்றார்.

ரெண்டுமேவா?

கட்டுமரத்து மரம் இலேசானது, நகம் இறங்கும். இடது கையில் உளியைப் பிடித்து அவர் பள்ளம் தோண்டினார். ஒவ்வொரு ஈயமீனுக்கும் அதன் உடம்பு அளவுக்கு ஒரு தொட்டில். கனமானது இடது கோடி, இலேசானது வலது கோடி. இறகு வைத்தது மேல் வரிசை, வெறும் ஈயம் கீழ் வரிசை. கண்ணி எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். இருட்டில் தடவினாலே தெரியும்.

முள்ளை மட்டும் எங்கே குத்தி வைப்பது? மரத்தில் குத்தினால் இறுகிக்கொண்டது. ஒரு கையால் வெடுக்கென்று இழுத்தால் நுனி மழுங்கியது. தேங்காய் நார் வைத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு துருவைக் கூப்பிட்டது. குத்தினால் பிடிக்க வேண்டும், இழுத்தால் விட வேண்டும், தண்ணீர் குடிக்கக் கூடாது. அப்படி என்ன இருக்கிறது வீட்டில்?

கூரை எரவாணத்தில் அந்தச் செருப்பு செருகியிருந்தது.

அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி எந்த நாளும் வேலைக்குக் கூப்பிட வந்து நிற்பான். மறுபடி வாங்கப் பொன்னேரிக்குப் போக வேண்டும். அது ஒரு காரணமா? செருப்பு போனால் வேலை போகாது. ஆனால் அதை அறுத்துவிட்டு இன்னொன்று வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது என்று எனக்கே தெரிந்தது. அறுத்தால் இவர் கடலுக்குத்தான்.

அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தடுக்கவில்லை.

"ரெண்டுமேவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒத்தச் செருப்ப வெச்சிக்கினு நொண்டி ஆடப் போறியா?"

பட்டை பட்டையாக அறுத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, பலகையில் ஆணி அடித்தோம். முள் குத்தினால் பிடித்தது. சுண்டினால் விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்தார், வைத்தார், எடுத்தார். சிரித்தார். முந்தின ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"செருப்ப மரத்துல ஏத்தலாமாயா?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"அறுத்துட்டா அது இன்னா செருப்பு? ரப்பரு."

"மாமா பாத்தா?"

"அவரு இன்னா, மோந்தா பாக்கப் போறாரு?"

செவலை நாய்க்குக் கேட்ட கேள்வி

மறுநாள் கடலில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெயில் ஏறுகிற நேரத்தில் வஞ்சிரம் கூட்டமாக வந்திருக்கிறது. இவர் இறகை எடுத்துவிட்டு வெறும் ஈயம் மாட்டினாராம். ஒன்றை மீன் அறுத்துக்கொண்டு போக, அடுத்த மூச்சில் இன்னொன்று. மாமாவின் நரம்பும் அறுந்தது. அவர் தன் ஓலைப்பெட்டியில் கையை விட்டால் பந்துதான் வந்தது. "அத்த இப்டி தள்ளுடா," என்று சொல்லி, தம்பி பலகையிலிருந்தே எடுத்து எடுத்து மாட்டியிருக்கிறார்.

மரம் கரை ஏறியதும் கூடைக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை மீன். மாமா முகத்தில் சிரிப்பு. அந்தப் பலகையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். விரலால் ரப்பரைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். வார் செருகுகிற ஓட்டை. நான் தேய்த்துக் கழுவினேனே தவிர, அந்த ஓட்டையை என்ன செய்ய முடியும்?

"இது இன்னா ஓட்ட?" என்றார் நாயிடம்.

நாய் வாலை ஆட்டியது.

"கேக்கறேன் இல்ல?"

"ரப்பருண்ணா," என்றார் இவர்.

"எந்த ரப்பரு?"

இவர் குனிந்துகொண்டார். கூடைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐய, செருப்பு!" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். கட்டுமரத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். செருப்பைக் கையில்கூடக் கொண்டுபோக மாட்டார்கள். மரம் எங்களுக்குத் தாய். வெள்ளிக்கிழமை அதற்குக் கற்பூரம் காட்டுகிறோம். அதன் மேல் செருப்பு போய் வந்திருக்கிறது, அதுவும் மீன் பிடிக்கிற முள்ளுக்குப் படுக்கையாக.

மாமா பலகையை மரத்துக்கு எட்டத்தில் கொண்டுபோய் மணலில் கவிழ்த்தார்.  

"நாளிக்கி என் மச்சான் வருவான். இவன் அந்த கேட்டாண்ட போய் நிக்கட்டும். அங்க செருப்பு போட்டாத்தான் மரியாதியாம்."

 இவர் அந்தக் கையை மறுபடி அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.  எனக்கு வேண்டியது நடந்துவிட்டது, நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். நான் சும்மா நிற்கவில்லை.

"மாமா, நீங்களும் அதுலருந்துதான எடுத்து மாட்னீங்க?"

வழக்கம் போச்சு. நேராகப் பேசிவிட்டேன். கூடைக்காரிகள் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு குவிந்து கிடந்த மீனைப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தாள். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் விடுவிடுவென்று கடலுக்குள் இறங்கி முங்கினார். சொட்டச் சொட்ட வந்து, முதல் தடவையாக என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"மரத்தக் கழுவி நான் தேங்கா ஒடச்சிக்கிறேன். நாளிக்கி வெடியறதுக்குள்ள செருப்பு இல்லாம அந்தப் பலக வந்தா என் தம்பியே வரட்டும். இல்லாங்காட்டி வாணாம்."

மண்ணைத் தொடாத ரப்பர்

அன்றைக்கு நான் ஏரியைக் கடந்தது எப்படி என்று எனக்கே நினைவில்லை. படகுக்காரரை அவசரப்படுத்தியதில், "நீயே தள்றியா?" என்று கோலைக் கையில் கொடுத்துவிட்டார்.

பழவேற்காடு பஜாரில் காதர் பாய் கடையில்தான் நாங்கள் முள், நரம்பு, கயிறு எல்லாம் வாங்குவோம். விஷயத்தைச் சொன்னேன். மருந்து பாட்டில் கார்க்குகளை எடுத்துப் போட்டார். முள்ளைக் குத்தி இழுத்தால் உதிர்ந்தது. மெழுகு? வெயிலில் உருகும். நான் கடைக்குள் அங்கும் இங்கும் நடந்தேன்.

"ஒரு எடத்துல நில்லும்மா. பேஜாரா கீது," என்றார் பாய்.

கடை வாசலில் அவருடைய சைக்கிள் சக்கரம் கழற்றிக் கிடந்தது. பஞ்சர். உள்ளேயிருந்து ட்யூப் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"பாய், இத்தக் குடுங்க."

"எட்துக்கோ, ஒட்டு மேல ஒட்டு போட்டது, இனிமே ஆவாது. ஆனா சைக்கிளு ரோட்லதானம்மா ஓடுது? உங்க மூத்தாரு நாளிக்கி ரோட்டப் பத்திக் கேப்பாரே."

"டயருதான பாய் ரோட்ல ஓடுது. ட்யூபு உள்ள கீது. அது மண்ணத் தொட்டதே இல்லியே."

பாய் கொஞ்சம் யோசித்தார். "தொட்டா அதுக்குப் பேருதாம்மா பஞ்சரு," என்று சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சரான ட்யூப்தானே இது, ஒரு முள்ளாவது தொட்டிருக்குமே, அதை மாமா கேட்டால் என்ன சொல்வது என்று படகு முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

செருப்பு ரப்பரைப் பிடுங்கிவிட்டு, பலகையை மூன்று தண்ணீரில் கழுவி, மஞ்சள் தெளித்து, ட்யூபை நாலாக மடித்து அடித்தோம்.

விடிவதற்கு முன்னால் மரத்தருகே மாமா பலகையை வாங்கிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். இந்தத் தடவை மோந்தும் பார்த்தார்.

"இது இன்னா?"

"சைக்கிள் ட்யூபு மாமா. டயருக்குள்ளயே இருந்தது. கால் பட்டதில்ல."

"அதுக்குள்ள இன்னா இருந்துச்சி?"

"காத்து."

மாமா ஒரு நிமிஷம் கடலைப் பார்த்தார். மரத்தில் பாய் விரித்து, காற்றை நம்பிப் பிழைக்கிற மனிதர்.

"காத்துன்னா நம்பளுக்கு ஆவும்," என்றார். பலகையை மரத்தில் வைத்துக் கட்டச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

மணி வந்தான்

மரங்கள் போய் வெயில் முற்றத்துக்கு வந்தபோது மணி வந்து நின்றான். ஏரி கடந்து வந்த ஈரம் லுங்கியில் இருந்தது.

"மாமா எங்கக்கா? மேஸ்திரி கூப்ட்டாரு. இன்னிக்கே வந்து சேரணுமாம். இல்லன்னா வேற ஆளப் போட்ருவாங்க."

"கடலுக்குப் போயிருக்காரு."

"அப்ப இன்னான்னு சொல்லட்டும்? நாளிக்கி வருவாருன்னு சொல்லி ஒரு நாளு இழுத்துப் பாக்கட்டா?"

அந்த நேரம் பார்த்து வாடைக் காற்று திரும்பியிருந்தது. கூரை ஓலை படபடத்தது. கடல் பக்கம் வெள்ளை வெள்ளையாக அலை உடைவது வாசலிலிருந்தே தெரிந்தது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. சரி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதற்கு மேல் ஒன்றும் பேச மாட்டார்கள். சாயந்திரம் அவர் வந்ததும், வேலை வந்துவிட்டது என்று சொல்லலாம். இனி ஒவ்வொரு காற்றுக்கும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

"வரமாட்டாருன்னு சொல்லிடுடா," என்றேன்.

"மாமாவ ஒரு வார்த்த கேக்க வாணாமா?"

"நான் சொல்றேன். போ."

மணி என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனான். நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. அவன் சவுக்குத் தோப்பைத் தாண்டிய பிறகு வாசலை விட்டு இறங்கினேன். ஓடினேன். படகுத்துறை வரைக்கும் ஓடினேன். படகு தள்ளிவிட்டார்கள்.

"மணீ!"

அவன் திரும்பினான். படகுக்காரர் கோலை ஊன்றி நிறுத்தினார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். முதுகுப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ," என்றேன்.

திரும்பிக் கரைக்கு வந்தேன். அன்றைக்கு மரங்கள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் மரம்தான் கடைசி. அதுவரைக்கும் நான் உட்காரவில்லை.